உப்புத் தெருவின் எம்.எல்.ஏ.

எம்.எல்.ஏ. வேலை என்பது காலையில் காதுகுத்தில் சிரித்து, பத்து மணிக்குச் சாவு வீட்டில் முகத்தை மாற்றி, மதியம் கல்யாணப் பந்தியில் மறுபடியும் சிரிக்கிற வேலை. போனை அணைத்து வைக்க முடியாத உத்தியோகத்தில் இருக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன், நானும் உங்கள் கட்சிதான். அதிலும் புதுச்சேரியில் தொகுதிகள் சின்னவை. ஸ்கூட்டரில் ஒரு சுற்று வந்துவிடலாம். ஜனங்களும் அதே வேகத்தில் நம்மைப் பிடித்துவிடுவார்கள்.

மாலையை என்ன செய்ய?

சாவு என்றால் மாலையோடு போய் நிற்பது எங்கள் தொழில் வழக்கம். நான் ஜெயித்த புதிதில், பெரிய மார்க்கெட்டில் கைலிக் கடை வைத்திருக்கும் ஜமால் பாயின் தகப்பனார் இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலையை வாங்கிக்கொண்டு ஓடினேன். மையத்துக்கு, அதாவது இறந்தவர் உடலுக்கு, மாலை போடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை என்பது, வாசலில் நின்றவர்கள் எல்லாரும் என் கையையே பார்த்தபோதுதான் உறைத்தது.

ஜமால் பாய் கோபப்படவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்தேன், ஒரே கரிப்பு. குடிக்கக் கேன் வாங்குவார்களாம், மற்ற எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தானாம். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மால வேணாம்மா. எங்க அத்தாவக் கடைசியா இந்த உப்புத் தண்ணிலதான் குளிப்பாட்டுனோம். நல்ல தண்ணிக்கு வழி பண்ணுங்க, அது போதும்."

ஓட்டுக் கணக்கு

செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த முறை தொகுதிக்குள் ஒரே ஒரு புதுக் குழாய்ப் பாதைக்குத்தான் வழி இருந்தது. எங்கள் கட்சிப் பெரியவர் ஒருவர், தேர்தலில் எனக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர், அதை எங்கள் தெருப் பக்கம் திருப்பச் சொன்னார். ஜமால் பாயின் தெருவில் எனக்கு விழுந்த ஓட்டு அவ்வளவு குறைச்சல். எங்கள் தெருவில் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டுப் போடாதவருக்கும் தாகம் எடுக்கும் என்றேன். என் அப்பா மில் தொழிலாளி. அவர் மில் கேட்டில் நின்று மல்லுக்கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அந்தப் பிடிவாதம் சுலபத்தில் இறங்காது. பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்ப அடுத்த எலெக்‌ஷனுக்கு வேற தொகுதியா பாத்துக்கம்மா."

மேரி மேடம்

குழாய் பதிக்கத் தெருவை வெட்ட வேண்டும், அதற்கு நகராட்சியின் அனுமதி வேண்டும். எங்கள் ஊரில் நகராட்சி அலுவலகத்துக்கு, பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும், 'மேரி' என்றுதான் பெயர். குழாய் வேலைக்குப் பொறுப்பாக வடக்கிலிருந்து புதிதாக வந்த அதிகாரி ஒருவரிடம், "மேரியில பேசிட்டேன் சார், மேரி ஒத்துக்கிச்சு" என்றேன். ஏதோ ஒரு வீட்டுக்காரம்மாள் தன் வாசலை வெட்டச் சம்மதித்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர், சட்டத்தை மீறாதவர். அப்போதுதான் கற்றுக்கொண்ட தமிழில் கறாராகச் சொன்னார்: "மேரி மேடம் மட்டும் சொன்னால் போதாது. அவருடைய கணவரும் சம்மதிக்க வேண்டும்."

கஞ்சி

ஒருவழியாக, நோன்பு மாதத்தில் தண்ணீர் வந்தது. அன்று நோன்பு திறக்க ஜமால் பாய் வீட்டிலிருந்து எனக்கும் அழைப்பு. அவர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, குழாயில் பிடித்த தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, இன்னொரு டம்ளருக்குக் கையை நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதவியேற்ற அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை.

அடுத்து நோன்புக் கஞ்சி வந்தது. ஒரு வாய் குடித்ததும் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கஞ்சி சப்பென்று இருந்தது. ஜமால் பாயின் மனைவி நூர்ஜகான் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளாக, தண்ணீரில் இருக்கும் உப்பைக் கணக்கில் கழித்துக்கொண்டே சமைத்த கை அது. உள்ளே போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "எல்லாம் உங்களாலதாம்மா. இத்தினி வருசம் சமைச்சிட்டு, இப்பப் போயி உப்புப் போடக் கத்துக்கணுமா நானு?"

மேடைகளில் எனக்குப் போர்த்திய சால்வை ஒரு பீரோ நிறைய இருக்கிறது, ஆனால் இந்தப் பதவியில் நான் ஆசையாக வாங்கிக் கட்டிக்கொண்டது அந்தக் கஞ்சிக்காக விழுந்த திட்டுதான்.