பெரிய தெருவுக்கு ஏற்ற வண்டி

சத்தம்தான்… மைலேஜ் இல்லை, கலர் இல்லை. கதவு சாத்துகிற சத்தம்.

செடான் எடுக்கலாமா எஸ்யூவி எடுக்கலாமா என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் அதுதான் காதில் விழுகிறது.

எம்.ஏ. முடித்த வருஷம். தஞ்சாவூர் பைபாஸில் ஒரு கார் ஷோரூமில் வேலை. உள்ளே ஏசி, புது சீட் கவர் வாசனை. கண்ணாடிக்கு வெளியே சர்வீஸ் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருக்கும். சம்பா அறுவடை முடிந்த கையோடு ஆட்கள் வண்டி பார்க்க வருவார்கள். அவர்கள் போன பிறகு பளபளப்பான தரையில் வைக்கோல் துணுக்குகள்…

சுமதி அக்கா தனியாக வந்தார். பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர். வீட்டுக்காரர் செல்வம் மஸ்கட்டில் கிரேன் ஆபரேட்டர். வீடியோ காலில் இருந்தார். போனை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிகளைச் சுற்றி வர வேண்டும்.

"கதவைச் சாத்துங்க மேடம்… சத்தம் கேக்கணும்."

சாத்தினேன்.

"இன்னொரு தடவை."

செடானில் ஒரு முறையோடு விட்டுவிட்டார். எஸ்யூவியில் திரும்பத் திரும்பக் கேட்டார். போனில் அவருக்குப் பின்னால் ஒரு அடுக்குக் கட்டில், அதன் கம்பியில் ஈரத் துண்டு.

சுமதி அக்கா செடானை விட்டு நகரவில்லை.

"சின்னதே போதுங்க. இந்த அக்ரிமென்ட்டோட ஊருக்கு வந்துடலாம்ல? டி போர்டு போட்டு இங்கயே டாக்ஸி ஓட்டலாம். கும்பகோணம் கோயில் சவாரி ஒண்ணு போதும் நமக்கு."

"பெருசு எடுத்தா?" என்று நான் கேட்டேன்.

"பெருசு எடுத்தா அவரு அங்க இன்னொரு அக்ரிமென்ட் போடணும்." பதில் எனக்கு. சத்தம் போனுக்கு.

செல்வம் சிரித்தார். "நான் வர்ற வரைக்கும் உன் தம்பி ஓட்டட்டுமே."

"அவனா? டிராக்டரையே வாய்க்கால்ல எறக்குனவன்."

நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு செல்வம் அக்காவை எஸ்யூவியில் ஏறி உட்காரச் சொன்னார். சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். முழு வண்டியும் தெரிய வேண்டுமாம். போனோடு நான் பின்னால் நகர்ந்து, நகர்ந்து… முதுகில் சுவர் இடித்தது.

செல்வம் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"மேடம், எங்க ஊர்ல பெரிய தெருன்னு ஒண்ணு. வீடெல்லாம் மேட்டுல இருக்கும். வாசல்ல சேர் போட்டு உக்காந்திருப்பாங்க. எங்கப்பா அவங்க வயல்ல வேலை பார்த்தவரு. அந்தத் தெருவுல சைக்கிள உருட்டிக்கிட்டுத்தான் போவாரு. ஒரு நாள்கூட ஏறி மிதிச்சது கெடையாது… சின்ன வண்டியில போனா அவங்கள நிமிந்து பாக்கணும். இதுல போனா நேருக்கு நேரா இருக்கும் மேடம்."

கிரேன் கேபினில் உட்கார்ந்துகொண்டே அந்த உயரத்தை அளந்து வைத்திருக்கிறார்.

வண்டியின் கதவு திறந்துதான் இருந்தது. அக்காவுக்கும் கேட்டது. டேஷ்போர்டைக் கையால் தடவினார்.

"உங்கப்பா இருந்து பாத்திருக்கணும்…" என்றார்.

பிறகு என்னிடம், "இதையே போட்டுடுங்க."

இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை உடனே எடுக்கவில்லை. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

டெலிவரி அன்று டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், வாசலில் தேங்காய். ஸ்டியரிங்கில் அந்தத் தம்பிதான். பக்கத்தில் அக்கா, போனை முன்கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி. "பெரிய தெரு வழியா போடா… மெதுவா போ" என்று மஸ்கட்டிலிருந்து குரல்.

இப்போது நான் சென்னையில். ஆபீஸில் யாராவது கார் வாங்கப்போவதாகச் சொன்னால் ஆளுக்கொரு ரிவ்யூ வீடியோ அனுப்புகிறார்கள். கிரவுண்ட் கிளியரன்ஸை மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். எந்தத் தெருவில் ஓட்டப்போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பாபநாசம் பஸ் ஸ்டாப்பில் சுமதி அக்காவைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இரண்டு கையிலும் பை.

"வண்டி எப்படி ஓடுதுக்கா?"

"எங்க ஓடுது… கொட்டகையில நிக்குது. பேட்டரி போயிடும்னு தம்பி எப்பவாச்சும் வந்து ஸ்டார்ட் பண்ணிட்டுப் போறான். எலி வேற ஒயரக் கடிக்குது."

"சார் வர்றாரா?"

"லீவுல வருவாரு. வந்தா காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அந்தத் தெருவுல ரவுண்டு."

பைகளைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அங்க இப்ப பாதி வீடு பூட்டிக் கெடக்கும்மா. மெட்ராசு, அமெரிக்கான்னு போயிட்டாங்க. வாசல்ல ஒரு சேரு கெடையாது. இவருதான் ஹாரன் அடிச்சிக்கிட்டே போவாரு…"

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மறுபடி அக்ரிமென்ட் போட்டிருக்காரு."

அவருடைய டவுன் பஸ் வந்தது. பைகளை வாங்கிப் படியில் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பியதும் ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் தஞ்சாவூர் பஸ்ஸுக்காக நின்றேன்.