யாரும் கேட்காத சட்டை

சாலையைக் கடந்து வந்து, என் கடைப் படியில் ஏறி நின்று, தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார் பொம்மையக்கா. எதிரே துணிக்கடையின் கண்ணாடிச் சன்னலுக்குள் அவர் உடுத்திவிட்ட மூன்று பொம்மைகள் நிற்கின்றன. "நடுவுல இருக்கறவளுக்குத் தோள் தொங்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வருகிற வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் போகிறார். உள்ளே நுழைந்து எதையோ இழுத்துவிடுகிறார். மறுபடியும் என் படி, மறுபடியும் ஒற்றைக் கண். ஒரு காலையில் ஏழெட்டு நடையாவது ஆகும். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் வாடிக்கையாளர்களைவிட அவர்தான் அந்தப் படியில் அதிகம் ஏறியிருக்கிறார்.

துணிக்கடைப் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவதுதான் பத்தொன்பது வருடமாக அவர் வேலை. பொம்மைகளுக்கு ஒரே உடம்பு, சட்டைகளுக்கோ நூறு அளவு. அதனால் மிச்சத் துணியையெல்லாம் முதுகுப்பக்கம் இழுத்துக் குண்டூசியால் குத்திவிடுவார். "முன்னாடி பாத்தா மகாராணி, பின்னாடி போய்ப் பாரு, முள்ளம்பன்றி" என்பார். கைகள் வெறுமனே தொங்கினால் அவருக்குப் பொறுக்காது. என்னிடம் பழைய செய்தித்தாள் கேட்டு வாங்கிக் கசக்கிச் சட்டைக் கைக்குள் திணிப்பார். பிறகு அந்தக் கையை இரண்டு தட்டுத் தட்டுவார், தூங்கப்போகும் குழந்தையைத் தட்டுவதுபோல. இடது மணிக்கட்டில் குண்டூசி குத்திய சிறிய திண்டு எப்போதும் இருக்கும். ஒருமுறை அதோடு வீட்டுக்குப் போய், சமைத்து முடித்த பிறகுதான் கவனித்தாராம்.

இந்தத் தெருவுக்கு எது அழகு என்று முடிவுசெய்பவர் அவர்தான். போன வருடம் ஒரு பொம்மைக்குக் கழுத்துச் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டார். பத்தே நாளில் மருந்துக்கடைப் பெண் கட்டினாள், பள்ளிக்கூட ஆசிரியை கட்டினார், வெட்கத்தை விட்டுச் சொன்னால் நானும் கட்டினேன். ஆனால் அவர் மட்டும் சாம்பல் நிறச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. கடையின் சீருடை. இரண்டு ஜோடி, மாற்றி மாற்றித் துவைத்துப் போடுவது. விடுமுறை நாளில் மகள் கழித்துப்போட்டது ஏதாவது.

இரண்டு வாரம் முன்பு ஒருநாள் வந்து படியில் நின்றார். சன்னலைப் பார்க்கவில்லை, தலையையும் சாய்க்கவில்லை. திங்கட்கிழமை ஒன்றாம் தேதியிலிருந்து சீருடை கிடையாது என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். அவரவருக்குப் பிடித்ததைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் கை தட்டினார்களாம்.

"ஏம்மா, பிடிச்சதுன்னா என்ன?" என்று கேட்டார்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டிலும் இதே கதை. "உனக்கு எது பிடிக்கும்னு சொல்லும்மா, போய் வாங்கலாம்" என்று மகள் கேட்க, அவர் யோசித்து யோசித்து, "துவைச்சா சாயம் போகக் கூடாது" என்றாராம். அது பதிலே இல்லை என்று அந்தப் பெண் கோபித்துக்கொண்டாளாம். பேருந்து ஓட்டும் கணவர் சாலையைப் பார்ப்பதுபோலவே நேரே பார்த்துக்கொண்டு, "உனக்கு எதைப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றாராம்.

"எதைப் போட்டாலும்னா என்ன அர்த்தம்? ஒண்ணையும் பாத்ததே இல்லேன்னு அர்த்தம்" என்றார் என்னிடம். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கணக்குப் புரியாத பிள்ளைபோல நின்றார்.

அடுத்த நாள் ஒரு கடிதத்தோடு வந்தார். எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொன்னார். தான் மட்டும் பழைய சீருடையிலேயே வர மேலாளர் அனுமதிக்க வேண்டும், வேலை செய்ய அதுதான் வசதி என்று எழுதியிருந்தது. "வசதின்னு போட்டிருக்கேன். பயம்னு போட முடியாதுல்ல" என்றார். கொடுக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மூக்கில் இருந்த கண்ணாடிச் சட்டகம், பத்து வருடம் முன்பு கடையில் விற்காமல் மிஞ்சியது என்பது அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வர வேண்டும்? வாயை மூடிக்கொண்டேன். பிழை ஒன்றும் இல்லை என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் உடனே கொடுத்துவிடவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் தேடிப் பார்த்தார். சன்னலின் ஓரத்தில் நிற்கும் பொம்மை ஏறக்குறைய அவர் உயரம். செவ்வாய்க்கிழமை அதற்கு நீளமான கறுப்புப் பாவாடையும் வெள்ளைக் கோட்டும் போட்டார். என் படிக்கு வந்து, பொம்மையைப் பார்ப்பதற்குப் பதில் தன்னையே அங்கே நிறுத்திப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு பெண்கள் அதே உடையைக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். புதன்கிழமை, இடுப்பில் அகலமான வாருடன் நீலக் கவுன். மதியமே விற்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பார்கள். இவர் முகம் சுண்டிப்போய் வந்தார்.

"எனக்குன்னு போட்டதை அவங்க கேக்கறாங்க. அப்ப அது எனக்குப் பிடிச்சதா, அவங்களுக்குப் பிடிக்கும்னு நான் நெனச்சதா? பத்தொம்பது வருஷமா அவங்க கண்ணாலயே பாத்துட்டேன். எனக்குன்னு ஒரு கண்ணு மிச்சம் இருக்கான்னே தெரியலம்மா."

எழுத்துப் பலகையை மாட்டிக் கண்ணைச் சோதிக்கத் தெரிந்தவள் நான். இதை எந்தப் பலகையில் சோதிப்பது? எனக்கும் குழம்பிவிட்டது. அன்றைக்கு வந்த ஒருவருக்கு இடது கண்ணுக்கான வில்லையை வலது பக்கம் மாட்டிக் கொடுத்து, அவர் படியிறங்கத் தடுமாறியபோதுதான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

வியாழக்கிழமை அந்தப் பொம்மை ஆண்கள் பிரிவிலிருந்து வந்த ஒரு சட்டையில் நின்றது. செங்கல் நிறம், தொளதொளப்பு, மார்பில் இரண்டு பெரிய பைகள். யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை. மருந்துக்கடைப் பெண் பார்த்துவிட்டு, "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் விசாரித்தாள். சனிக்கிழமை கடை மூடும் நேரம், பொம்மையிலிருந்து அதைக் கழற்றித் தனக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை, கடைக்குள் போவதற்கு முன்பே என் படிக்கு வந்தார். செங்கல் நிறச் சட்டை. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும், வழி முழுக்கச் சாயாமல் நிமிர்ந்தே வந்தாராம். ஏன் என்று கேட்டேன். திரும்பி நின்றார். முதுகில் வரிசையாக நான்கு குண்டூசிகள்.

"வீட்டுக் கண்ணாடியில முன்பக்கம் பாத்தா சரியா இருந்துச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்காமலேயே ஒவ்வொரு ஊசியாக உருவினேன். நான்காவது ஊசி வந்ததும் சட்டை அவர் தோளிலிருந்து அப்படியே விரிந்து தொங்கியது. அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். தோளைக் குலுக்கினார், கைகளைத் தூக்கிப் பார்த்தார்.

"தொளதொளன்னு இருக்கே."

"இருக்கு அக்கா. இதை ஏன் எடுத்தீங்க?"

"யாருமே கேக்கலல்ல. அப்ப இது என்னோடதா இருக்கும்னு தோணுச்சு."

"பிடிச்சிருக்கா?"

இரண்டு பைகளிலும் விரல்களை விட்டுப் பார்த்தார். "தெரியலையே" என்றார். இடது பையிலிருந்து அந்தக் கடிதம் எட்டிப் பார்த்தது. பத்து மணிக்கு மேலாளர் வந்துவிடுவார். ஊசிகளை அவர் மணிக்கட்டுத் திண்டில் நானே குத்திவிட்டேன். அவர் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்திவிட்டுப் போனார். அந்தக் கடிதம் எங்கே போய்ச் சேரப்போகிறது என்று பார்க்க நான் படியிலேயே நின்றுகொண்டேன்.

மேலாளரின் கார் வந்து நின்றது. அவர் இறங்கிச் சன்னலைத் தாண்டி உள்ளே போனார். சன்னலுக்குள் நின்ற பொம்மையக்கா நிமிர்ந்து பார்த்தார், கை சட்டைப் பைக்குப் போனது, அங்கேயே நின்றது. பிறகு, சனிக்கிழமையிலிருந்து வெறும் உடம்பாக நின்ற ஓரத்துப் பொம்மைக்கு ஒரு புதுச் சட்டையை மாட்டத் தொடங்கினார். முதுகில் ஊசி குத்தினார். கை தொங்கியது. திணிக்கத் தாளைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். காலையில் என்னிடம் செய்தித்தாள் கேட்க மறந்திருந்தார். பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். பிரிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக் கசக்கி, பொம்மையின் சட்டைக் கைக்குள் முழங்கைவரை தள்ளினார். பிறகு அந்தக் கையை இரண்டு தட்டுத் தட்டினார்.