துடைத்தும் போகாத வெளுப்பு

சித்தூர் ஆஸ்பத்திரியில் நான் நர்சாகச் சேர்ந்தபோது, எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று சண்டை ஓடிக்கொண்டிருந்தது. வார்டில் சீட்டு, உத்தரவு, திட்டு எல்லாம் தெலுங்கில். நகரியிலிருந்து வயிற்றுப்புண்ணோடு வந்த நெசவாளி, நான் தமிழ் பேசியதும் என்னைத் தங்கச்சி ஆக்கிவிட்டார். எனக்கும் அது பிடித்திருந்தது. என் புத்திகெட்டதனம்.

அவருக்கு அமிலத்தைத் தணிக்கும் வெள்ளை மருந்து. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, புட்டியைக் குலுக்கி நானே ஊற்றுவேன்.

"ஊரு எந்தப் பக்கம் போனா இன்னா தங்கச்சி, வயிறு எங்கூடத்தான வருது" என்பார்.

மருந்து கொடுப்பது பாதி வேலைதான். மலம் கறுப்பாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும்; போனால் புண்ணில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். மலச்சட்டியை நான் பார்க்கவில்லை. அவர் மனைவியைக் கேட்டேன்.

"நல்லா போறாரும்மா" என்றாள். அப்படியே எழுதிவைத்தேன்.

ஐந்தாம் நாள் நடுப்பகல். வலியே இல்லை என்று சிரித்தார். உதட்டில் மருந்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. மறுபடி துடைத்தேன். உதடே அந்த நிறம். கீழிமையை இழுத்துப் பார்த்தேன்; உள்ளேயும் அதே வெள்ளை. சித்திரை வெயிலில் அவர் கை கிணற்றுக் கல்லாகச் சில்லிட்டிருந்தது. நாடி விரலுக்கடியில் ஓடி ஓடி நழுவியது. அவர் பாட்டுக்குத் தறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவது போலிருந்தது. அடுத்த கட்டில்காரர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மனைவியை வெளியே இழுத்துப்போய்க் கேட்டேன்.

"மூணு நாளா தாரு கணக்கா போய்க்கினு இருக்குதும்மா."

"ஏன் சொல்லல?"

"தங்கச்சின்னு கூப்ட்டுட்டு உங்கையில அதக் குடுப்பாரா? நீ வர்றதுக்குள்ள கழுவிடுன்னாரு."

டாக்டர் வந்து பார்த்து, ரத்தம் ஏற்ற வேலூருக்கு அனுப்பினார். வண்டி காட்பாடி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுவாரம் அதே கட்டிலில், அதே மருந்தோடு, புத்தூர்க்காரர் ஒருவர்.

"எந்த ஊரு தங்கச்சி?" என்றார்.

"நான் யாருக்கும் தங்கச்சி இல்ல, நர்சு" என்றேன். "சட்டிய நான் பாத்தப்புறந்தான் கழுவணும்."