பச்சையில் நின்ற முள்

சுவாமே வண்டிப் பட்டறைகளில் என் பெயிண்ட் கொட்டகைக்கு அடுத்தது பாஃபோவுடையது. வண்டி மீட்டர்களுக்குக் குமாசி நகரம் முழுக்க அவன்தான் பேர்போனவன். பழைய பஸ்களில் டிரைவருக்கு முன்னால் உள்ள மீட்டர் பலகையைத் திறந்தால் கோழி கிளறிய குப்பை மாதிரி ஒயர்கள் கிடக்கும். அவன் எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டு, மீட்டருக்கு ஒரு நிற ஒயர், மொத்தத்துக்கும் ஒரே பிளக் என்று வைத்தான். நான்கு திருகைக் கழற்றினால் பலகை மடிமேல் வந்துவிடும். எந்த மீட்டர் கெட்டாலும் பத்து நிமிட வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை டிரைவர் சார்பொங் தன் பஸ்ஸோடு வந்தான். பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசர் தளர்ந்திருந்தது. காற்று குறைந்தால் அலறும் பஸ்ஸர் வழியெல்லாம் அலற, பயணிகள் இறங்கி வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள்.

"மாஸ்டர், இந்த பஸ்ஸரோட வாயை மூடு. காத்து மீட்டர் முள்ளையும் பச்சையில நிக்க வை."

"கம்ப்ரசரை மாத்துடா, பைத்தியக்காரா."

"புதுசுக்குச் சொல்லியாச்சு, செவ்வாய்க்கிழமை வந்துரும். அதுவரைக்கும் வீட்ல உக்காந்து பொண்டாட்டிக்கு ஃபுஃபு களி இடிச்சுக் குடுக்கவா?"

சார்பொங்கோடு சேர்ந்து பாஃபோவும் சிரித்துவிட்டான். பஸ்ஸர் ஒயரைப் பிடுங்கினான். காற்று மீட்டரின் ஒயரை வெட்டி, முள் எப்போதும் பச்சையிலேயே நிற்கும்படி பிளக்கின் பின்னால் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்தான். அவனே அமைத்த பலகை. அதிக நேரம் ஆகவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

செவ்வாய் வந்தது, கம்ப்ரசர் வரவில்லை. வியாழனன்று மாம்போங் இறக்கத்தில் பஸ் நிற்கவில்லை. பதினோரு பேர் செத்தார்கள். சார்பொங்கும் அதில் ஒருவன்.

மீட்டர்களைப் பார்த்துச் சொல்ல போலீஸ் பாஃபோவைத்தான் கூப்பிட்டது. நானும் கூடப் போனேன். நொறுங்கிய பஸ்ஸில் அவன் ஒரு பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினான். காற்றுக் குழாய்கள் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் காற்று மீட்டரின் முள் ஏறிப் பச்சையில் நின்றது.

"யார் வேலை இது? டிரைவர் பண்ணதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஊரும் அப்படித்தான் பேசியது. சார்பொங்கின் மனைவி செர்வாவின் வீட்டில் கல் விழுந்திருந்தது. நான் பாஃபோவின் முழங்கையைப் பிடித்தேன். உதறிவிட்டான்.

"நான் பண்ணது சார். அவன் கேட்டான், நான் பண்ணேன்."

இரண்டு வருடம் உள்ளே இருந்தான். வெளியே வந்ததும் முதலில் செர்வா வீட்டுக்குப் போகவேண்டும் என்றான்; நானும் கூடப் போனேன். அவள் முற்றத்தில் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அவர் மேல விழுந்த பழியில பாதியை நீங்க வாங்கிக்கிட்டீங்க. அதுக்கு நன்றி. ஆனா இந்த வாசலுக்கு இனிமே வராதீங்க அண்ணே. உங்களைப் பாத்தா, அன்னைக்கு ரெண்டு பேரும் சிரிச்சிருப்பீங்கன்னுதான் தோணுது."

"சிரிச்சோம்மா" என்றான் பாஃபோ.

இப்போது அவன் விளக்கும் ஹாரனும் மட்டும் பார்க்கிறான். காற்று மீட்டர் என்று வருகிறவர்களுக்கு எதிர்ப் பட்டறையைக் கைகாட்டுகிறான். அங்கே என்ன கேட்டாலும் செய்துகொடுப்பார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.