தடை தளர்ந்த பிறகும் விசாரித்தவர்

மலேசியாவின் கேரி தீவில் எண்ணெய் தரும் செம்பனைக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. "ரெஜினா அக்கா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னாங்களாம்." ட்ரோனைத் தரையிறக்கிவிட்டுக் அவர் வீடு இருக்கும் கிள்ளானுக்குக் கிளம்பினேன்.

பெட்டாலிங் ஜெயாவில் உள்ள எங்கள் சிறிய ட்ரோன் நிறுவனத்தில் ஏற்றுமதி அனுமதி வாங்குவது ரெஜினா அக்காவின் பொறுப்பு. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். சத்தம் போடமாட்டார், விடவும் மாட்டார்.

ஒருமுறை அண்டை நாட்டில் வெள்ளம். ஆட்களைத் தேட எங்கள் ட்ரோன்களைக் கேட்டார்கள். அவை ராணுவத்துக்கும் பயன்படலாம் என்று அனுமதி தராமல் அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். 'விளையாட்டுப் பொருள்' என்று எழுதி அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி தேவா. அக்கா மறுத்துவிட்டார். "ஒரு தடவ பொய் சொன்னா, அப்புறம் நம்ம உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டாங்க லா." அனுமதி வருவதற்குள் வெள்ளம் வடிந்துவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் விதியைத் தளர்த்தச் சொல்லி மற்ற நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு வர்த்தக அமைச்சு அலுவலகத்துக்கு அலைந்தார். நானும் உடன் போயிருக்கிறேன். "தப்பானவங்க கையில போகாதுன்னு உறுதி கொடுப்பீங்களா?" என்று ஓர் அதிகாரி கேட்டார். "கொடுக்க முடியாது சார். வாங்குறவன் யாருன்னு விசாரிங்க, நாங்களும் விசாரிக்கிறோம். மருந்து அடிக்கிற மெஷினையும் சண்டை மெஷினையும் ஒரே மாதிரி பார்க்காதீங்க" என்றார். கடைசியில் சிறிய ட்ரோன்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று அறிவிப்பு வந்தது. எல்லாருக்கும் அக்கா நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு வாங்கிக் கொடுத்தார்.

சில வாரங்களில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. எங்கே பறக்கவிடப் போகிறார்கள் என்று தரகர் சொல்லவில்லை. அக்கா அனுப்ப மறுத்தார்.

"சட்டமே கேக்கல. நீங்க ஏன் கேக்குறீங்க?" என்றார் தேவா.

"விசாரிக்கிறோம்னு நான்தானே அங்க வாக்கு கொடுத்தேன்."

ஆர்டர் கைநழுவியது. வாங்க வந்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது, நல்லவராகவும் இருந்திருக்கலாம். தேவா நெடுநாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கிள்ளான் தேவாலயத்தில் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவர் அவர்தான்.

இப்போது அக்காவின் வேலை எனக்கு வந்திருக்கிறது. எங்கே பறக்கவிடப் போகிறார் என்று நேற்று ஒரு வாடிக்கையாளரைக் கேட்டபோது, "இந்த விவரமெல்லாம் இப்ப தேவையில்லையே, பாஸ்?" என்றார்.

"எங்களுக்குத் தேவை" என்றேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.