கிடை போட்ட பாதி

பச்சை மொச்சைக் காயை உரித்தால் விரலில் ஓர் எண்ணெய் நாற்றம் ஒட்டும். சோப்புக்குப் போகாது. அருப்புக்கோட்டைச் சந்தையில் இன்றும் அது மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் குழம்பு நினைவு வரும். எனக்கு மச்சான் முகம் வரும். பல்லைக் கடிப்பேன்.

அறுபதுகள் முடியும் சமயம். நான் ஒரு விதைப் பண்ணையில் கூலிக்கு இருந்தேன். அங்கே கழித்துப்போட்ட கலப்பு மொச்சையில் ஒரு பை வாங்கி, திருச்சுழிப் பக்கம் அக்காள் வீட்டுக் கரிசலில் விதைத்தேன். ஊதாப்பூ, வெள்ளைப்பூ, படர்வது, குத்தாக நிற்பது. தெருச்சண்டை போல எழுந்து நின்றது புஞ்சை.

விதைப்புக்கு முன்னால், நிலத்துக்கு உரமேற, மச்சான் இரவில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார். பாதி நிலம் முடிந்ததும் ஆடு மேய்க்கும் கீதாரியோடு வாய்ச்சண்டை. அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மிச்சப் பாதி பட்டினி.

காய்ப்பில், கிடை போட்ட பாதியில் ஊதாப்பூச் செடிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. மச்சான் அவற்றில் விதை பொறுக்கினார். நான் வெள்ளைப்பூவில் பொறுக்கினேன். சின்னக் கொட்டைதான், ஆனால் மழை ஈரம் காயுமுன் பூத்து முற்றிவிடும்.

"என்ன மாப்ள, கோழிக்குப் போடவா?"

"உங்க கொட்டையப் பெருசாக்குனது ஆட்டுப் புழுக்க, மச்சான். அதே ஊதாச்செடி அந்தப் பக்கம் சவலப்புள்ளயா நிக்குது. இந்தக் கொழுப்பு அதோட பிள்ளைக்குப் போகாது. வெள்ளப்பூ ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துல பூத்துச்சு. அதுதான் ரத்தத்துல உள்ளது."

"உங்க வீட்டு ரத்தம் தெரியாதா? பொண்ணு குட்ட, பேச்சு மட்டும் நெட்ட."

அக்காள் கூடையோடு பக்கத்தில்தான் நின்றாள்.

வெள்ளாமை பொய்த்தால் அவள் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகவேண்டும். அதனால் எந்த விதை என்பது எங்களுக்குள் பேச்சாக இல்லை, பகையாக இருந்தது. மறு ஆண்டு கிடை இல்லை. மச்சானின் பெருங்கொட்டை சூம்பியது. கண்ணேறு என்றார், என் கண்ணேறு. நான் பட்டினிப் பாதியிலேயே வருடாவருடம் விதைத்து, பிந்திப் பூத்ததைப் பிடுங்கி எறிந்தேன். கடைசியில் ஒரு பெரிய பானை நிறைய விதை சேர்ந்தது. வண்டு விழாமல் செம்மண் குழைத்துப் பூசி, காயவைத்து, அக்காளிடம் விட்டுப் போனேன். வருகிற ஐப்பசிக்கு முழுப் புஞ்சைக்கும் அதுதான் என்று.

விதைப்புக்கு முந்தின வாரம் போனேன். சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தாள். கொட்டை சின்னது, வெளிர் நிறம். வாயில் போட்ட பிறகுதான் தெரிந்தது.

"நல்லா வெந்திருக்குல்ல மாப்ள? ஒரே சமயத்துல வெந்துச்சு" என்றார் மச்சான், இலையைப் பார்த்தபடி.

எழுந்துபோய்ப் பானையைப் பார்த்தேன். அடியில் செம்மண் தூள்தான் கிடந்தது. கையைக் கூடக் கழுவாமல் ரோட்டுக்கு வந்துவிட்டேன். அக்காள் பின்னாலேயே வந்தாள்.

"அவுகள ஏசாத. ஒரு மாசமா நாந்தான் அவிச்சேன்."

"பித்துப் பிடிச்சிருச்சா? தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக அம்புட்டு ஆசையா?"

"போறேன். குச்சி என்னைய ஏசாது. ரெண்டு வெத ஒரு வீட்டுல இருந்தா, விடிஞ்சா அடைஞ்சா நம்ம அப்பன் ஆத்தாளத்தான் இழுக்காக. அவுக வெதய அவிச்சா எனக்கு அடி. உன் வெதய அவிச்சா நீ மூஞ்சியத் தூக்குவ, அம்புட்டுத்தான."

பஸ் வந்தது. ஏறினேன். ஜன்னல் கம்பியைத் தட்டினாள்.

"வெதைப்பு முடியட்டும்ல. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராத."