உருகாத திருகு

அனுமந்தன்பட்டி கல் கிரஷரில் மெக்கானிக் பொன்னுராஜ். அங்கே மோட்டாரும் கிரஷரும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவிலுள்ள கப்ளிங் என்ற இணைப்புக் கூட்டில் மோட்டார் சுழற்றி வீசும் எண்ணெய்தான் கிரஷரின் பக்கமுள்ள எதிர்ச்சக்கரத்தைத் திருப்பும். கல் சிக்கினால் எண்ணெய் கொதிக்கும். உடனே கப்ளிங்கின் ஈயத் திருகு உருகி, எண்ணெய் வடிந்து, ஓட்டம் நின்றுவிடும்.

அன்று அது உருகவில்லை. கப்ளிங் வெடித்துப் பொன்னுராஜின் வலது கை வெந்துபோனது. ஈயத்துக்குப் பதிலாக யாரோ இரும்புத் திருகை மாட்டியிருந்தார்கள்.

தங்கை புருஷன் கிறிஸ்டோபரும் அதே கிரஷரில்தான் வேலை பார்த்தான். அவன் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தான்.

"நான்தான் மச்சான் மாட்டுனேன். வேலை அடிக்கடி நிக்குதுன்னு மொதலாளி சத்தம் போட்டாக." தலையைக் குனிந்துகொண்டான். "நீ மாட்டுனதாச் சொல்லிட்டேன். உன்னைய இனி வர வேணாம்னுட்டாக."

பொன்னுராஜ் இடது கையால் கஞ்சித் தூக்கைத் தள்ளினான்.

"என் தங்கச்சிகிட்ட உண்மையச் சொல்லிட்டு வா. அப்பறம் பேசுவோம்."

கிறிஸ்டோபர் மறுபடி வரவே இல்லை.